கூலே த செரான்: மறுநாள் குடிக்க வேண்டிய ஒயின்

கூலே த செரான் என்ற பிரெஞ்சு வெள்ளை ஒயினைத் திறந்த கையோடு குடித்துவிட்டு "இதற்கா இவ்வளவு காசு?" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். கேள்வியில் தப்பில்லை, அவசரத்தில்தான் தப்பு. முதல் ஒரு மணி நேரம் இது பெரும்பாலும் இறுகிக் கிடக்கும். லேசாகக் கசக்கும், தொண்டையில் ஆல்கஹால் சூடு தட்டும். மறுநாள் அதே ஒயினில் தேன்மெழுகும் சுட்ட ஆப்பிளும் சீமைச்சாமந்தியும் மணக்கும். விழுங்கியபின் உப்பு கலந்த துவர்ப்பு நெடுநேரம் நாக்கில் நிற்கும்.

பிரான்சில் ஆன்ஜே நகருக்கு அருகே, சவென்னியேரில் லுவார் ஆற்றை நோக்கிச் சரியும் சுமார் 7 ஹெக்டேர் தோட்டத்தின் பெயர்தான் ஒயினுக்கும். 1130-இல் சிஸ்டெர்சியன் என்ற கிறிஸ்தவ சபைத் துறவிகள் கொடி நட்ட நிலம், 1962 முதல் ஜோலி குடும்பத்துடையது. வங்கி வேலையை உதறிவிட்டு வந்த நிக்கோலா ஜோலி, 1984-இல் தோட்டம் முழுவதையும் பயோடைனமிக் என்ற ஒருவகை இயற்கை வேளாண்மை முறைக்கு மாற்றினார். ஒயின் தயாரிப்பை இப்போது மகள் விர்ஜினி கவனிக்கிறார். திராட்சை ஷெனின் பிளாங்க் என்ற வெள்ளை வகை மட்டுமே.

பயோடைனமிக் என்றால் முதலில் கொம்பு சாண உரம். பசுக் கொம்பில் சாணத்தை அடைத்துக் குளிர்காலம் முழுக்கப் புதைத்து வைப்பார்கள். ஹெக்டேருக்குச் சுமார் 100 கிராமை 30 லிட்டருக்குச் சற்று மேற்பட்ட நீரில் போட்டு, திசை மாற்றி மாற்றி ஒரு மணி நேரம் கலக்கி, மாலையில் மண்ணில் தெளிப்பார்கள். கொம்பு சிலிக்கா, அதாவது கொம்பில் அடைத்த குவார்ட்ஸ் தூள், கோடையில் புதைவது. ஹெக்டேருக்கு 4 கிராம் போதும், காலையில் இலைமேல் தெளிப்பது. பூஞ்சைக்குத் தாமிரமும் கந்தகமும் இந்த முறையில் அனுமதி. ஆகவே "மருந்தே படாத திராட்சை" என்கிற விற்பனைப் பேச்சை நம்ப வேண்டாம். கொம்புதான் ருசி தருகிறது என்பதற்கு ஆய்வு ஆதாரமும் மெலிவு. ஷிஸ்ட் என்ற அடுக்குப் பாறைச் சரிவு, ஹெக்டேருக்கு 2,000 முதல் 2,500 லிட்டர் ஒயின் என்ற சொற்ப விளைச்சல், மூன்று நான்கு வாரங்களில் பல முறை திரும்பித் திரும்பிப் போய்ப் பழுத்த குலையை மட்டும் பறிப்பது: ருசிக்கு இவையே போதுமான காரணம். அவ்வளவு பழுத்த பழம் என்பதால்தான் ஆல்கஹாலும் 14, 15 சதவீதத்தைத் தொடுகிறது.

தக்கையை மட்டும் எடுத்து வைத்தால் பலனில்லை; புட்டிக் கழுத்தில் காற்றுப் படும் பரப்பு ஒரு நாணய அளவுதான். முந்தின நாளே டிகாண்டர் என்ற அகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, மூடி, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். பரிமாற 14 டிகிரி சரி. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றினால், அதாவது 5, 6 டிகிரியில், மணம் அடங்கிப்போய்க் கசப்பு மட்டும் எஞ்சும்.

அடர்ந்த பொன்னிறம் கெட்டதற்கு அடையாளம் அல்ல, பழுப்புக்குப் போனால் சந்தேகப்படலாம். ஈர அட்டை வாடை வந்தால் தக்கைக் கோளாறு. நகப்பூச்சு நெடி வந்தால் ஆவியாகும் அமிலம். இரண்டும் காற்றுப் பட்டுச் சரியாகாது, கடைக்குத் திருப்பிவிடுங்கள். அடிபட்ட ஆப்பிள் வாடைக்கு மட்டும் ஒரு நாள் அவகாசம் கொடுக்கலாம். ஒரே ஆண்டுப் புட்டிகளுக்குள்ளேயே வேறுபாடு உண்டு என்பதுதான் இந்த விலைக்கு உறுத்தும் குறை.

வெண்ணெய்ச் சாஸோடு ஆற்று மீன், முற்றிய ஆட்டுப்பால் சீஸ் இரண்டும் பொருந்தும். வினிகர் சேர்ந்த சாலட் இதைக் கொன்றுவிடும். முதல் முறை வாங்குபவர் இதே குடும்பத்தின் லெ வியூ க்ளோவில் தொடங்கலாம். அதே திராட்சை, விலை பாதிக்கும் கீழே. அதையும் முந்தின நாளே டிகாண்டரில் ஊற்றிவிடுங்கள்.