மூன்று பருவங்கள், ஒரு கணக்குப் புத்தகம்: கால்பந்துப் பந்தயச் சந்தையில் என் அனுபவம்

2022 ஆகஸ்டில் பிரீமியர் லீக் தொடங்கிய வாரம், பிரிட்டனில் உரிமம் பெற்ற ஒரு பந்தய நிறுவனத்தின் செயலியில் கணக்குத் திறந்தேன். லண்டனில் வேலை, வார இறுதியில் ஆட்டம் என்றிருந்த எனக்கு, அணிகளைப் பற்றித் தெரிந்தால் பந்தயமும் பிடிபட்டுவிடும் என்ற எண்ணம் இருந்தது. அதைக் கலைத்தது அதே ஆண்டு டிசம்பர் 18 அன்று நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டம்.

அர்ஜென்டினா வெல்லும் என்று 10 பவுண்டு கட்டியிருந்தேன். 79ஆவது நிமிடம் வரை 2–0. அதன்பின் எதிரணியான பிரான்ஸின் எம்பாப்பே இரண்டு நிமிடங்களுக்குள் இரண்டு கோல் அடித்தார். கூடுதல் நேரத்தில் 3–3 ஆகி, பெனால்டியில் அர்ஜென்டினா வென்றது. மெஸ்ஸி கோப்பையைத் தூக்கிய அதே வேளையில் செயலியைத் திறந்தால், என் பந்தயம் தோற்றதாகக் காட்டியது. ஏதோ கோளாறு என்று விதிகளைப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. பந்தயத்தின் ஒவ்வொரு வகையையும் ஒரு சந்தை என்கிறார்கள். வெற்றி, சமநிலை, தோல்வி என்ற மூன்று வழிச் சந்தை 90 நிமிடத்துக்கும் அதனுடன் சேர்க்கப்படும் காய நேரத்துக்கும் மட்டுமே உரியது. கூடுதல் நேரமும் பெனால்டியும் அதில் சேரா. அதன்படி அந்த ஆட்டம் 2–2 சமநிலை. கோப்பையை வெல்லும் அணி என்பது தனிச் சந்தை, அதற்கு விலையும் தனி.

அடுத்து விலையைப் படிக்கக் கற்றேன். தெருமுனைப் பந்தயக் கடைகளில் ஆட்ஸை, அதாவது பந்தயத்தின் விலையை, இன்னமும் 5/2 என்று பின்னத்தில் எழுதுகிறார்கள்; செயலியில் தசமத்துக்கு மாற்றினால் அதுவே 3.50, அதாவது கட்டிய ஒரு பவுண்டும் சேர்த்து மூன்றரை பவுண்டு கைக்கு வரும். 1ஐ அந்த எண்ணால் வகுத்தால் அந்த விலைக்குள் இருக்கும் வாய்ப்பின் அளவு கிடைக்கும். ஓர் ஆட்டத்தில் சொந்த மைதான அணிக்கு 2.10, சமநிலைக்கு 3.40, வந்த அணிக்கு 3.50 என்று வைத்துக்கொள்வோம், முறையே 47.6, 29.4, 28.6 விழுக்காடு. கூட்டினால் 100 வர வேண்டிய இடத்தில் 105.6 வருகிறது. அந்த 5.6தான் கடைக்காரரின் பங்கு. இதை ஒரு காகிதத்தில் கூட்டிப் பார்த்த நாளிலிருந்து, எந்த அணி வெல்லும் என்பதற்கு முன்னால் எந்தச் சந்தையில் இந்தப் பங்கு குறைவு என்று பார்க்கத் தொடங்கினேன். பெரிய ஆட்டங்களின் முக்கியச் சந்தைகளில் அது குறைவாகவும், கார்னர், மஞ்சள் அட்டை, முதல் கோல் அடிப்பவர் போன்றவற்றில் வெகுவாக உயர்ந்தும் இருப்பதைத் திரும்பத் திரும்பக் கண்டேன்.

என் முதல் பருவத்தை விழுங்கியது, 'அக்யூமுலேட்டர்' என்பதைச் சுருக்கி 'அக்கா' என்று இங்கே செல்லமாக அழைக்கப்படும் தொடர் பந்தயம். (அந்தப் பெயரைத் தமிழில் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.) நான்கு ஆட்டங்களைக் கோத்து, நான்கும் பலித்தால்தான் பணம் என்று ஒரே சீட்டாகக் கட்டினால் விலைகள் ஒன்றையொன்று பெருக்கிக்கொள்ளும், கடைக்காரரின் பங்கும் அப்படியே பெருகும். மேலே சொன்ன 5.6 நான்கு முறை பெருகினால், கட்டும் 100 பவுண்டில் சராசரியாகத் திரும்பி வரக்கூடியது ஏறத்தாழ 80தான். 38 வாரங்கள், வாரத்துக்கு 10 பவுண்டு வீதம் 380 கட்டி, 241 திரும்பப் பெற்றேன்.

இரண்டாம் பருவத்தில் தனிப் பந்தயங்களுக்கு, அதிலும் ஆசிய ஹேண்டிகேப்புக்கு மாறினேன். ஓர் அணியின் கோல் கணக்கில் முன்கூட்டியே ஓர் எண்ணைக் கூட்டியோ கழித்தோ முடிவைப் பார்ப்பது இது. புதியவர்களைப் பயமுறுத்துவது இதில் வரும் 0.25, 0.75 போன்ற கால், முக்கால் எண்கள். –0.75 என்றால் பணம் பாதியாகப் பிரிந்து, ஒரு பாதி –0.5 மீதும் மறு பாதி –1 மீதும் போகிறது. 1.90 விலையில் 10 பவுண்டு கட்டி, நம் அணி ஒரே கோல் வித்தியாசத்தில் வென்றால், முதல் 5 பவுண்டு 9.50 ஆகும், மற்ற 5 அப்படியே திரும்பும், மொத்தம் 14.50. சமநிலை என்ற மூன்றாம் கதவு இங்கே இல்லாததால் கணக்கு எளிதாகிறது. மொத்த கோல் 2.5க்கு மேலா கீழா என்பதும் இதே வகை: மூன்று கோல் விழுந்தால் மேல், இரண்டோடு நின்றால் கீழ்.

ஆட்டத்தின் நடுவே கட்டும் நேரலைப் பந்தயத்தை மட்டும் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு சனிக்கிழமை, தொலைக்காட்சியில் பந்து நடுக்களத்தில் உருண்டுகொண்டிருந்தபோதே செயலியில் விலைகள் அனைத்தும் பூட்டிக்கொண்டன. சில நொடிகள் கழித்துத்தான் என் திரையில் கோல் விழுந்தது. நான் பார்ப்பது பழைய ஆட்டம் என்று அன்று தெரிந்தது. பாதியிலேயே பணத்தை எடுத்துக்கொள்ளும் 'கேஷ் அவுட்' பொத்தானும், கடைக்காரருக்கு இன்னொரு முறை பங்கு கொடுக்கும் வழியாகவே எனக்குப் பட்டது.

பின்னிரு பருவங்களில் கட்டியது 760 பவுண்டு, திரும்பியது 712. நட்டம் குறைந்ததே தவிர லாபம் வரவில்லை. ஆட்டச் சீட்டு வாங்கிய செலவைப்போல இதை எழுதி வைத்திருக்கிறேன். இப்போது செயலியில் மாத வைப்பு வரம்பு 25 பவுண்டு. அதைக் குறைத்தால் உடனே நடைமுறைக்கு வருகிறது. கூட்ட வேண்டுமென்றால் 24 மணி நேரம் காத்திருந்து, மறுபடியும் உறுதி சொல்ல வேண்டும். இருமுறை கூட்ட முயன்றேன், இருமுறையும் மறுநாள் உறுதி சொல்லவில்லை.