பிரைமரி டிஎன்எஸ் படுத்துவிட்டால்: சொந்த செகண்டரியா, வாடகை செகண்டரியா?

டிஎன்எஸ் என்பது தளப்பெயரை ஐபி முகவரியாக்கித் தரும் அமைப்பு. ஒரு டொமைனின் பதிவுத் தொகுப்பை (ஸோன்) வைத்திருக்கும் மூல சர்வர் பிரைமரி; அதிலிருந்து நகலெடுத்து (டிரான்ஸ்ஃபர்) பதில் சொல்வது செகண்டரி. அதை நாமே நடத்தலாம், வெளிச் சேவையிடம் வாடகைக்கும் எடுக்கலாம். இரண்டையும் வைத்துப் பார்த்தபின், பைண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருளில் ஓடும் சொந்த செகண்டரியையே வைத்துக்கொண்டேன். வேகம், பல இடங்களில் சர்வர், கோரிக்கைகளைக் கொட்டி முடக்கும் டிடாஸ் தாக்குதலைத் தாங்குவது எல்லாவற்றிலும் வாடகைச் சேவைதான் மேல். அதில் பேச்சே இல்லை. நான் பார்த்தது ஒன்றைத்தான்: பிரைமரி செத்துக் கிடக்கும்போது செகண்டரிக்குள் கைவைக்க முடியுமா?

பிரைமரி போனதே பல நேரம் தெரியாது. டொமைனுக்குப் பதில் சொல்லும் சர்வர்களின் பட்டியலில் (என்எஸ்) ஒன்று பேசாவிட்டால், பயனருக்காக முகவரி தேடும் ரிசால்வர் அடுத்ததைக் கேட்டுக்கொள்ளும். செகண்டரியோ, ஸோனின் தலைப்புப் பதிவான எஸ்ஓஏ-வில் குறித்திருக்கும் ரெஃப்ரெஷ் (வழக்கமான சோதனை), ரீட்ரை (தோற்றால் மறுமுயற்சி) இடைவெளிகளில் பிரைமரியைத் தட்டிக்கொண்டே, கையிலிருக்கும் பழைய தகவலை வைத்துப் பதில் சொல்லும். அதே பதிவிலுள்ள எக்ஸ்பைர் (காலாவதி) நேரம் கடந்ததும் கைவிரித்துவிடும், அதன்பின் சர்வ்ஃபெயில் என்ற பிழைப் பதில்தான். அந்த நேரத்தை 2 முதல் 4 வாரம் வரை வைக்கச் சொல்கிறது ஆர்எஃப்சி 1912 என்ற இணைய வழிகாட்டி ஆவணம். எக்ஸ்பைரை ரெஃப்ரெஷ் என்று நினைத்து 86400 விநாடி, அதாவது ஒரே நாள், கொடுத்துவைத்தவர்களும் உண்டு. வெள்ளி இரவு பிரைமரி விழுந்தால் திங்கள் காலையில் செகண்டரியும் இருக்காது.

சொந்த சர்வர் என்றால் பைண்டின் 'ஆர்என்டிசி ஸோன்ஸ்டேட்டஸ்' கட்டளையை அடித்ததும் ஸோன் எப்போது காலாவதியாகும் என்று தெரிந்துவிடும். வெளியிலிருந்து 'டிக்' என்ற டிஎன்எஸ் கேள்விக் கருவி கொண்டு எஸ்ஓஏ கேட்டு, பதிலில் ஏஏ கொடி (அதிகாரபூர்வ பதில் என்ற அடையாளம்) இருக்கிறதா என்றும் பார்க்கலாம். பிரைமரி சீக்கிரம் எழாது என்று தெரிந்தால் கான்ஃபிக்கில் ஸோனின் டைப்பை பிரைமரி என்று மாற்றி ரீலோட் செய்தால் சரி. ஸோன் காலாவதியான பிறகும் ஃபைல் டிஸ்க்கில் இருப்பதால் இது நடக்கும். ஒரு சிக்கல்: பைண்ட் செகண்டரி அந்த ஃபைலை பைனரியாகச் சேமிக்கும். பைண்டோடு வரும் 'நேம்டு-கம்பைல்ஸோன்' கருவி கொண்டு முதலில் டெக்ஸ்டாக்கிவிட வேண்டும். அப்புறம் எஸ்ஓஏ-விலுள்ள சீரியலை (ஸோனின் பதிப்பு எண்) ஏற்றிவிட்டால் மற்ற செகண்டரிகளையும் இதன் பக்கம் திருப்பலாம். பழைய பிரைமரி பேக்கப்பிலிருந்து திரும்பி வரும்போது அதன் சீரியல் குறைவாக இருந்தால், செகண்டரிகள் அதைக் கண்டுகொள்ளாது. அங்கேதான் பலர் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

வாடகைச் சேவையில் ஷெல், அதாவது சர்வருக்குள் போய்க் கட்டளை அடிக்கும் வசதி, கிடையாது. கடைசி டிரான்ஸ்ஃபர் எப்போது என்று பேனலில் தெரிந்தால் அதிர்ஷ்டம். பிரைமரியாக மாற்ற டிக்கெட் போட்டுக் காத்திருக்க நேரலாம். நான் வைத்திருந்தது ஒரே ஒரு சேவை, அதுவும் சின்ன ஸோனுக்கு. உங்கள் சேவையில் ஒரே பட்டனில் மாற்ற முடிந்தால் என் வாதத்தில் பாதி போயிற்று.

பதில் போலியல்ல என்று காட்டும் டிஎன்எஸ்செக் கையொப்பத்தைப் பிரைமரியிலேயே போடுபவர்களுக்கு இரண்டு வழியிலும் ஒரே கத்திதான். பைண்டின் இயல்பு அமைப்பில் கையொப்பம் 14 நாள் செல்லும். 5 நாள் மிச்சமிருக்கும்போதுதான் புதுப்பிக்கும். ஆக, எக்ஸ்பைர் 4 வாரம் இருந்தாலும் கெட்ட நேரத்தில் கையிலிருப்பது 5 நாள்தான். அதற்குள் செகண்டரியைப் பிரைமரியாக மாற்றினாலும் கையொப்பம் போடும் சாவிகளின் நகல் வேறெங்காவது இருந்தால்தான் புதுக் கையொப்பம் போட முடியும்.