கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பிள்ளைகள் டொக்டர்: இருமலைக் காது கொடுத்துக் கேட்பவர்

காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிற சின்ன செனலிங் சென்டர் (நம்பர் எடுத்து ஸ்பெஷலிஸ்ட் டொக்டரைக் காட்டும் இடம்) இது. குறையும் எழுதப் போவதால் பெயர் போடவில்லை. டொக்டருக்காக மட்டும் என்றால் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன்.

என் மகளின் பையனுக்கு இரண்டு மாத ஊசி போட முதலே சளி பிடித்தது. முதலில் காட்டிய இடத்தில் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்து, ஆர்.எஸ்.வி வைரஸ், மருந்து தேவையில்லை, தானாக மாறும் என்று அனுப்பினார்கள். வைரஸ் இருந்தது உண்மைதான். ஆனால் அந்த இருமல் எனக்குச் சரியாகப் படவில்லை. தொடங்கினால் மூச்செடுக்க இடைவெளி விடாமல் இருமுவான், முகம் கறுக்கும், கடைசியில் குடித்த பால் முழுக்க வெளியே வரும். அப்புறம் ஒன்றும் நடக்காத மாதிரிக் கிடப்பான். காய்ச்சலும் இல்லை.

இந்த டொக்டர் குழாயைக் காதில் வைக்க முதல் கேட்டது, "இருமும்போது போனில் எடுத்தீர்களா அம்மா?" மகள் எடுத்து வைத்திருந்தாள். சத்தத்தைக் கூட்டி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு வீட்டில் வேறு யார் இருமுகிறார்கள் என்றார். மூத்த பேத்தி வாரக்கணக்காக இரவில் இருமிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடச் சளி என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். சின்ன வயதில் போட்ட குக்கல் (கக்குவான் இருமல்) ஊசியின் பலம் சில வருடங்களில் குறைந்துவிடும், பெரிய பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் அது வெறும் இருமலாக வந்து கைக்குழந்தைக்குத் தொற்றும் என்று விளக்கினார்.

"இது குக்கலாக இருக்கலாம். ஒரு வைரஸ் பிடிபட்டதால் குக்கல் இல்லையென்று ஆகாது" என்றார். ஆர்.எஸ்.வி, ரைனோ மாதிரி வைரஸ்களும் குக்கல் கிருமியும் ஒரே குழந்தையில் சேர்ந்து இருப்பது நடக்கிற விஷயமாம். குக்கல் பக்டீரியாவால் வருவது, அதற்கு அண்டிபயோட்டிக் உண்டு. வைரஸின் பெயர் தெரிந்ததும் தேடலை நிறுத்தினால் அந்த மருந்து கொடுக்கிற நேரம் தவறிவிடும். சின்னக் குழந்தைக்குக் குக்கலில் வரும் அந்த "ஊ" என்ற இழுப்புச் சத்தமே வராமல் போகலாம், அதற்குப் பதில் மூச்சு நின்றுவிடலாம் என்று அவர் சொன்னதும் மகள் அழுதுவிட்டாள். தண்ணீர் கொடுத்து, அவள் நிதானிக்கும் வரை காத்திருந்துதான் மேலே பேசினார்.

பெரிய பரிசோதனை எதற்கும் காசு கட்டச் சொல்லவில்லை. உடனே பொரளை ரிஜ்வே பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதித் தந்தார். அங்கே எடுத்த பிசிஆர் பரிசோதனையில் ஆர்.எஸ்.வி, குக்கல் இரண்டும் வந்தது. அசித்ரோமைசின் என்ற அண்டிபயோட்டிக் ஐந்து நாள் கொடுத்தார்கள், வீட்டிலிருந்த எங்கள் எல்லோருக்கும் சேர்த்து. மருந்து கொடுத்ததும் இருமல் நின்றுவிடவில்லை. அது மெதுவாகத்தான் குறையும், மருந்து முக்கியமாக மற்றவர்களுக்குப் பரவாமல் தடுக்கும் என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்தபடியால் நாங்கள் பதறவில்லை. இப்போது பிள்ளை நல்ல சுகம்.

குறை, காத்திருக்கும் அறை. ஜன்னல் இல்லாத இடுக்கான இடம். ஊசி போட வந்த பச்சைக்குழந்தைகளுக்குப் பக்கத்திலேயே இருமுகிற பிள்ளைகளையும் இருத்துகிறார்கள். குக்கல் காற்றில் தெறிக்கும் துளியால் பரவுவது. இவ்வளவு நல்ல டொக்டரை வைத்துக்கொண்டு இதைச் செய்வது மன்னிக்க முடியாதது. கவுண்டரில் இருந்த மிஸ்ஸியிடம் சொன்னேன், தலையாட்டினார், ஒன்றும் மாறவில்லை. நம்பர் கூப்பிடுவதும் சொன்ன நேரத்தில் நடக்காது.

போகிறவர்கள் இருமலை வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள், ஊசி போட்ட கிளினிக் புத்தகத்தையும் மறக்காதீர்கள். உங்கள் முறை வரும்வரை பிள்ளையோடு வெளியே வாசலில் நில்லுங்கள். பிள்ளை நீலம் பாய்ந்தாலோ மூச்சு நின்று வந்தாலோ இங்கே நம்பர் எடுக்க வேண்டாம், நேரே ரிஜ்வேக்குப் போங்கள்.