ஞாயிற்றுக்கிழமை மாத்திரை: எக்ஸிமாவுக்கு மூன்று வருடம் மெத்தோட்ரெக்ஸேட்

மூன்று வருடம் இரண்டு மாதம் ஆகிறது. வாரத்தில் ஒரே ஒரு நாள், ஞாயிறு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், மெத்தோட்ரெக்ஸேட் போடுகிறேன். எக்ஸிமாவுக்காக, அதாவது தோல் கரப்பானுக்காக. இதே அரிப்போடு தூங்காமல் இருக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

சின்ன வயதிலிருந்தே எனக்குக் கரப்பான் உண்டு. நடுவில் பல வருடம் அடங்கியிருந்தது, 38 வயதில் திரும்பி வந்தபோது கழுத்து, முழங்கை மடிப்பு, முழங்காலுக்குப் பின்புறம் எல்லாம் நீர் வடிய ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் படுக்கை விரிப்பில் ரத்தப் புள்ளி. கத்தரிக்காய், கருவாடு நிறுத்தினேன், குப்பைமேனி அரைத்துப் பூசினேன். பிறகு மெடிக்கலில் கேட்டதும் எடுத்துக் கொடுத்த ஒரு கிரீம்: ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்தது. போட்ட இரண்டு நாளில் மாயமாக மறையும், விட்ட இரண்டு நாளில் இரண்டு மடங்காக வரும். ஒன்றரை வருடம் அப்படியே ஓட்டியதில் மடிப்புகளில் தோல் வெங்காயச் சருகு மாதிரி ஆகிவிட்டது. தயவுசெய்து அந்த வழிக்குப் போகாதீர்கள்.

தோல் டாக்டர் முதலில் கொடுத்தது டாக்ரோலிமஸ் களிம்பு. ஜப்பானில் சுகுபா என்ற ஊரின் மண்ணில் 1984இல் கண்டுபிடித்த மருந்து, மாற்று உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க மாத்திரையாகக் கொடுப்பது. அதையே களிம்பாக்கித் தோலுக்குப் போடுகிறார்கள். முதல் வாரம் மிளகாய் பட்ட மாதிரி எரிந்தது, அப்புறம் பழகிவிட்டது. கழுத்துக்கு இன்றைக்கும் அதுதான், தோல் மெலிவதில்லை. ஆனால் கை காலுக்குப் போதவில்லை.

அப்போதுதான் மெத்தோட்ரெக்ஸேட். சீட்டைப் பார்த்த மருந்துக்கடைத் தம்பி குரலைத் தாழ்த்தி, "வீட்டுல யாருக்குக்கா உடம்பு சரியில்ல?" என்று கேட்டார். புற்றுநோய் மருந்து என்று அவருக்குத் தெரியும். அன்று ராத்திரி வீட்டில் பெரிய விவாதம். கடைசியில் பயத்தைக் குறைத்தது என் மாமியார்தான், முடக்குவாதத்துக்கு ஆறு வருடமாக அவர் சாப்பிடுவதும் இதே மாத்திரை. இந்த வகை மருந்துகளை அமெரிக்காவில் உருவாக்கியதில் பெரும் பங்கு எல்லாப்பிரகடா சுப்பாராவுக்கு, நம் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்தவர். 1940களின் கடைசியில் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்காகத் தொடங்கிய மருந்து, பிறகு சொரியாசிஸ், முடக்குவாதம் என்று வந்தது. புற்றுநோய்க்குக் கிராம் கணக்கில்கூடப் போகும், எனக்கு அதிகபட்சமே வாரத்துக்கு 15 மில்லிகிராம்தான். இந்த அளவில் அது தேவையில்லாமல் கொதிக்கும் எதிர்ப்பு சக்தியைத் தணிக்கிற வேலையைத்தான் செய்கிறது. எக்ஸிமாவுக்கென்று பெரும்பாலான நாடுகளில் தனி அனுமதி கிடையாது, டாக்டர்கள் அனுபவத்தில் எழுதுவது. அதை என் டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்.

முதலில் அவர் கேட்டது இனிமேல் குழந்தை வேண்டுமா என்பது. கர்ப்பத்தில் இதைத் தொடவே கூடாது. எனக்கு ஆபரேஷன் ஆகிவிட்டது. ரத்த அணு, ஈரல், சிறுநீரகம், மஞ்சள் காமாலை வைரஸ், நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் பார்த்துவிட்டுத்தான் 5 மில்லிகிராமில் தொடங்கினார்.

ஒரு மாதம் ஒன்றுமே நடக்கவில்லை, அழுதிருக்கிறேன். ஏழாவது வாரம் நீர் வடிவது நின்றது. மூன்றாம் மாதம் ஒரு நாள் விடியற்காலை பால்காரர் மணிச் சத்தத்தில் கண் விழித்தபோதுதான் ராத்திரி முழுக்கத் தூங்கியிருக்கிறேன் என்று புரிந்தது.

தொந்தரவுகளும் உண்டு. திங்கட்கிழமை காலை குமட்டல், முதல் வருடம் முடி கொட்டியது, இரண்டு முறை வாய்ப்புண். 14ஆம் மாதம் ஈரல் பரிசோதனையில் என்சைம் அளவு ஏறியதால் மாத்திரையை 10 மில்லிகிராமாகக் குறைத்தார், பிறகு சரியானது. மாத்திரைக்கு ஆவதைவிட ரத்தப் பரிசோதனைக்குத்தான் எனக்குச் செலவு அதிகம், ஆனாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறவிடுவதில்லை.

இதை மட்டும் கவனமாகப் படியுங்கள்: இது வாரம் ஒருமுறை மாத்திரை. தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜை பாதித்து உயிருக்கே ஆபத்து. பக்கவிளைவைக் குறைக்க நான் வெள்ளிக்கிழமை போடும் ஃபோலிக் ஆசிட் வைட்டமினும் அதே மஞ்சள் நிறம் என்பதால் இரண்டையும் வேறு வேறு டப்பாவில், கிழமை எழுதி வைத்திருக்கிறேன். போன வருடம் சிறுநீர்த் தொற்றுக்கு ஒரு கிளினிக்கில் கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் எழுதினார்கள். அதுவும் மெத்தோட்ரெக்ஸேட்டும் சேர்ந்தால் ரத்த அணுக்கள் சரிந்துவிடும். நான் வாய்திறந்து சொன்னதால் மாற்றிக் கொடுத்தார்கள். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் இந்த மாத்திரையின் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

முழுக்கக் குணமாகிவிட்டதா என்றால் இல்லை. மார்கழிப் பனியில் மடிப்புகள் இன்னமும் சிவக்கின்றன, குளித்த ஈரத்தோடு மாய்ஸ்சரைசர் தடவுவதை ஒரு நாளும் விட முடியாது. அடுத்த மாத ரத்தப் பரிசோதனை சரியாக வந்தால் 7.5க்குக் குறைத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறார் டாக்டர்.