மலிவாகப் பிறந்த கார்: 1968 பிளிமத் ரோடு ரன்னர்

இந்தக் காரின் தரையில் கம்பளம் கிடையாது, ரப்பர் விரிப்புதான். முன்பக்கம் டாக்சியில் இருப்பதைப் போன்ற ஒரே நீளமான பெஞ்சு இருக்கை. இருகதவுக் கூபே வகையில் பின்பக்கக் கண்ணாடிகள் கீழே இறங்குவதில்லை. கீலில் ஆடி வெளிப்பக்கமாகச் சற்றே விலகிக் கொடுக்கும், அவ்வளவுதான். 1968-இல் இதன் அடிப்படை விலை 2,896 டாலர். பணவீக்கத்தைக் கணக்கிட்டால் அது இன்று 26,000 டாலருக்கு மேல் ஆகும். நான் தேடிய காலத்தில் கண்ட விளம்பரங்களிலோ ஓட்டத்தக்க நிலையில் இருந்த சாதாரண கூபேக்களுக்கு 30,000 டாலருக்கு மேல் தொடங்கி 50,000 டாலர் வரை கேட்டார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வசிக்கும் நான் இரண்டு ஆண்டுகள் தேடி ஒன்றை வாங்கி, மூன்று கோடைக்காலம் ஓட்டிப் பார்த்துவிட்டு இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

பெயரைப் பற்றி ஒரு சொல். பம்பாயில் பிரீமியர் நிறுவனம் பாகங்களைச் சேர்த்துப் பூட்டி விற்ற கார்களைப் பார்த்து வளர்ந்த நம் பெரியவர்கள் இதைப் ‘பிளைமவுத்’ என்றே சொல்வார்கள். டெட்ராய்ட்டில் அப்படிச் சொன்னால் ஒரு கணம் விழித்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள்.

1964-இல் பான்டியாக் நிறுவனம் நடுத்தர அளவுக் காருக்குள் பெரிய எஞ்சினைப் பொருத்தி ஜி.டி.ஓ. என்ற பெயரில் விற்றபோதுதான் மசில் கார் என்ற இனமே ஊரறியத் தொடங்கியது. அடுத்த மூன்றாண்டுகளில் ஒவ்வொரு நிறுவனமும் அந்த வழியில் இறங்கியது. கூடவே சொகுசும் அலங்காரமும் ஏறி, இருபது வயது இளைஞனின் கைக்கு எட்டாத தூரத்துக்கு விலையும் ஏறியது. கிரைஸ்லர் நிறுவனத்தின் ஒரு பிரிவான பிளிமத் எதிர்த்திசையில் யோசித்தது. விலை 3,000 டாலருக்குள் நிற்க வேண்டும், கால் மைல் ஓட்டத்தைப் பதினான்கு வினாடிச் சொச்சத்தில் மணிக்கு 100 மைல் வேகத்தோடு முடிக்க வேண்டும், இந்த இரண்டுக்கும் உதவாத எதுவும் காரில் இருக்க வேண்டியதில்லை என்பதே அவர்கள் வைத்துக்கொண்ட இலக்கு. பெல்வெடியர் என்ற குடும்பக் காரின் உடலில் 383 கன அங்குல எஞ்சினை, அதாவது 6.3 லிட்டர் எஞ்சினை வைத்து, அதற்கு மேல்நிலை 440 எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டையும் கேம் ஷாஃப்டையும் கொடுத்து 335 குதிரைத்திறன் என்று அறிவித்தார்கள். பணத்தை வாரி இறைத்த ஒரே இடம் பெயர்தான்: வார்னர் பிரதர்ஸின் கார்ட்டூன் பறவையையும் அதன் பெயரையும் பயன்படுத்த 50,000 டாலர் கொடுத்தார்கள். அந்தப் பறவையைப் போலவே ‘பீப்-பீப்’ என்று கத்தும் ஹாரன் தனியாக உருவாக்கப்பட்டது. முதல் ஆண்டிலேயே 44,000-க்கு மேல் விற்றது. அடுத்த ஆண்டு 80,000-ஐத் தாண்டியது.

ஓட்டுவது எப்படி இருக்கிறது என்பதற்கு வருகிறேன். சாவியைத் திருப்பியதும் முதலில் கேட்பது எஞ்சின் அல்ல, ஸ்டார்ட்டர். பல்சக்கரம் வைத்த அந்தக் காலக் கிரைஸ்லர் ஸ்டார்ட்டர் ஆட்டுக்குட்டி கத்துவது போல ‘நெய்ங்-நெய்ங்’ என்று இழுக்கும்; கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் இது கிரைஸ்லர் என்று தெருவே சொல்லிவிடும். பிறகு எட்டு சிலிண்டர்களும் பற்றிக்கொள்ள, காரின் முழு உடலும் வலப்பக்கமாக ஒருமுறை அசைந்து உட்காரும். கிளட்ச்சை மிதிக்கக் காலில் உண்மையான வலு வேண்டும். முதல் கியரில் மிதமாக மிதித்தாலே பின்சக்கரம் வழுக்குகிறது. இரண்டாம் கியரில் முழுதாக மிதித்தால் முதுகு இருக்கையில் புதைவதும், பெட்ரோல் வாசனை உள்ளே வருவதும், நீளமான பானெட் சற்றே மேலெழுவதும் ஒரே நேரத்தில் நடக்கும். இன்று விற்கும் சாதாரண மின்சாரக் கார் இதைச் சத்தமில்லாமல் முந்திவிடும் என்பது எனக்குத் தெரியும்; தெரிந்தும் இந்த ஆனந்தம் ஒரு துளியும் குறையவில்லை என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஆனால் நிறுத்துவது வேறு கதை. நான்கு சக்கரத்திலும் 11 அங்குல டிரம் பிரேக். முன்பக்க டிஸ்க்குக்கு அன்று தனியே பணம் கட்டியிருக்க வேண்டும், என் காரை முதலில் வாங்கியவர் கட்டவில்லை. முதல் தடவை நன்றாகவே நிற்கும். டெட்ராய்ட்டின் வுட்வர்ட் அவென்யூவில் அடுத்தடுத்த சிக்னல்களில் நின்று நின்று போகும்போது, நான்காவது சிக்னலுக்குள் பிரேக் சூடேறி, கார் இடப்பக்கம் இழுக்கத் தொடங்கும். ஸ்டீயரிங் லேசாகத் திரும்பும், ஆனால் சாலையைப் பற்றி ஒரு செய்தியும் கைக்குத் தராது. ஐந்து மீட்டருக்கு மேல் நீளமுள்ள இந்த வண்டியை இன்றைய கடை வாசலில் நிறுத்தினால் வால் கோட்டுக்கு வெளியே நிற்கும். உயர்ரகப் பெட்ரோல் மட்டுமே ஒத்துக்கொள்ளும். லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் கிடைத்தால் அன்று நல்ல நாள். குறைகளில் மோசமானது கியர் கம்பிதான். 1968-இன் தொடக்கக் காலக் கார்களில் இன்லண்ட் நிறுவனத்தின் கியர் மாற்றி பொருத்தப்பட்டிருந்தது. கூழுக்குள் அகப்பையை விட்டுத் துழாவுவது போல, மூன்றாவது எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் தேட வேண்டியிருக்கும். அதே ஆண்டிலேயே அதை விலக்கி ஹர்ஸ்ட் கியர் மாற்றிக்கு மாறினார்கள்.

இந்தக் காரை வாங்க நினைப்பவர் எஞ்சின் சத்தத்தைக் கேட்பதற்கு முன்பு எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். 1968 முதல் கிரைஸ்லர் கார்களின் அடையாள எண், முன்கண்ணாடி வழியே வெளியிலிருந்து பார்க்கும்படி டேஷ்போர்டின் இடப்பக்கம் இருக்கிறது. ரோடு ரன்னர் கூபே என்றால் அந்த எண் ‘ஆர்எம்21’ என்று தொடங்கும். ஐந்தாவது எழுத்து ‘எச்’ என்றால் 383 எஞ்சின், ‘ஜே’ என்றால் அதைவிட வலுவான 426 ஹெமி எஞ்சின். அடுத்துள்ள 8 ஆண்டைக் குறிக்கும். அதற்கடுத்த ‘ஏ’ டெட்ராய்ட்டின் லிஞ்ச் ரோடு ஆலை. நான் இரண்டரை மணி நேரம் காரோட்டிப் போய்ப் பார்த்த முதல் கார், விளம்பரத்தில் ‘அசல்’ என்று எழுதப்பட்டிருந்தது. பெயின்ட் கண்ணாடி போல மின்னியது, கதவில் பறவை ஒட்டியிருந்தது, ஹாரனும் ‘பீப்-பீப்’ என்றது. கண்ணாடியோடு மூக்கை ஒட்டிப் பார்த்தேன்: ‘ஆர்எல்21’. அது பிறந்தபோது ரோடு ரன்னர் அல்ல, எவரோ அலுவலகத்துக்குப் போய்வந்த சாதுவான பெல்வெடியர். விற்பவரிடம் காட்டினேன். தானும் அப்படியே வாங்கியதாகச் சொல்லிவிட்டு, விலையில் ஐயாயிரம் குறைத்துக்கொள்ளலாம் என்றார். இப்படி மாற்றிக் கட்டிய கார் ஓட்டுவதற்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. பொய்யின் விலையை நாம் கொடுக்க வேண்டியதில்லை என்பதுதான் விஷயம்.

சேகரிப்பாளர்கள் ‘நம்பர் மேட்சிங்’ என்று சொல்வது இதன் அடுத்த படி. எஞ்சின் பிளாக்கின் அடிப்பகுதியில், ஆயில் பேன் விளிம்பை ஒட்டிக் குத்தப்பட்டிருக்கும் எண்ணும் காரின் எண்ணின் பிற்பகுதியும் ஒன்றாக இருக்க வேண்டும். அன்றைய இளைஞர்கள் எஞ்சினை வெடிக்கும்வரை ஓட்டிவிட்டுப் பழைய இரும்புக் கடையிலிருந்து இன்னொன்றைத் தூக்கிப் போட்டவர்கள். ஆகவே பிறந்த எஞ்சினோடு இருக்கும் கார் அரிதாகிவிட்டது. ஃபோர்டு கார்களுக்கு 1967 முதலான தயாரிப்பு விவரங்கள் கணினிப் பதிவாக எஞ்சியிருப்பதால் எண்ணைக் கொடுத்தால் அறிக்கை கிடைக்கிறது. இந்த ஆண்டுகளின் பிளிமத்துக்கு அப்படி ஒரு முழுமையான ஏடு இல்லாததால், எந்தக் காரில் எந்தப் பாகத்தைப் பூட்ட வேண்டும் என்று குறித்து ஆலையில் தொழிலாளர்கள் வைத்துக்கொண்ட பூட்டுதல் தாளையே நம்ப வேண்டியிருக்கிறது. அது பின் இருக்கையின் ஸ்பிரிங்குகளுக்கு நடுவே செருகப்பட்டு அப்படியே மறந்துபோயிருக்கும். என் காரில் அது இருந்தது. இருக்கையைப் புரட்டியபோது, எலி கடித்த ஓரங்களோடு, பழைய பஞ்சாங்கம் போல மஞ்சளித்து, தொட்டால் உதிரும் நிலையில் கிடந்த அந்தத் தாளை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வைத்துப் பாதுகாக்கிறேன். தாளில் காரின் எண் தெளிவாக இருக்கிறது. அந்த எண்ணும் எஞ்சினின் எண்ணும் ஒத்துப்போகின்றன. அதற்காக நான் கூடுதலாகக் கொடுத்த தொகையில் புதிதாகவே ஒரு எஞ்சின் கட்டியிருக்கலாம்.

ஹெமிக்கு ஆசைப்படுபவர்களுக்கு: 1968-இல் அந்த 426 எஞ்சினுக்குக் கூடுதல் விலை 714 டாலர். 3,000 டாலர் காருக்கு அது பெருந்தொகை என்பதால் அந்த ஆண்டு ஆயிரம் பேர் அளவில்தான் வாங்கினார்கள். அன்று வாங்க ஆளில்லாததே இன்று விலையாக நிற்கிறது. நாஸ்கார் எனும் அமெரிக்கக் கார்ப் பந்தயத்துக்காக 1970-இல் மூக்கை நீட்டி, வாலில் உயரமான இறக்கை வைத்துச் செய்த ரோடு ரன்னர் வகையான சூப்பர்பேர்டின் கதையும் அதுதான். சுமார் 1,900 கார்கள் செய்தார்கள். பல, கடை முற்றத்தில் ஆண்டுக்கணக்கில் வெயில் காய்ந்தன. சில விற்பனையாளர்கள் மூக்கையும் இறக்கையையும் கழற்றிவிட்டுச் சாதாரணக் காராக விற்றதாகச் சொல்வார்கள். 2022 ஜனவரியில் ஃபுளோரிடாவின் கிஸ்ஸிமியில் நடந்த மீகம் ஏலத்தில் ஹெமி எஞ்சின் கொண்ட ஒரு சூப்பர்பேர்டு 16.5 லட்சம் டாலருக்குப் போனது. 1971-உடன் ஹெமி நின்றது. காப்பீட்டுக் கட்டண உயர்வும் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் 1973-இன் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்து அந்த இனத்தையே முடித்துவைத்தன. இவ்வளவு விலை கொடுத்து வாங்குபவர்கள் காரை ஓட்டுவதில்லை. துணி போர்த்தி வைத்திருக்கிறார்கள். கால் மைலுக்காகவே பிறந்த காருக்கு அதைவிடப் பெரிய தண்டனை எனக்குத் தெரியவில்லை. தவிர, இந்தக் கார்களை இளமையில் ஏங்கிப் பார்த்த தலைமுறை எண்பதை நெருங்குகிறது. அடுத்தவர்களுக்கும் அதே ஏக்கம் இருக்கும் என்று நம்பிப் பணம் போடுவது என் கணக்கில் முதலீடு அல்ல.

ஆகவே என் பரிந்துரை 383 எஞ்சின் கொண்ட கூபே; அதுவும் பெயின்ட் புதிதாக இல்லாதது. மின்னும் பெயின்டுக்கு அடியில் என்ன பூசி மெழுகப்பட்டிருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. டிக்கித் தரை, பின்சக்கரத்தின் மேல்வளைவு, பின்கண்ணாடியின் கீழ்விளிம்பு ஆகிய மூன்று இடங்களில் துரு பார்க்க வேண்டும். முன்சக்கரங்களுக்கு ஸ்பிரிங்காக இருக்கும் டார்ஷன் பார்கள் என்ற கம்பிகள் பின்னால் வந்து மாட்டும் குறுக்குச் சட்டத்தைக் காருக்கு அடியில் படுத்துத் தட்டிப் பார்க்க வேண்டும். அது உளுத்துப்போயிருந்தால் கிளம்பிவிடலாம். உதிரி பாகங்களுக்குக் கவலையில்லை, ரப்பர் விரிப்பு முதற்கொண்டு புதிதாகச் செய்து விற்கிறார்கள். காப்பீட்டை மட்டும் இருதரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்புக்கு எடுக்க வேண்டும். சாதாரணக் காப்பீட்டில் இது அறுபது வயதை எட்டும் பழைய கார், அவ்வளவே. மிச்சிகனில் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை சாலையில் உப்பு என்பதால் அந்த மாதங்களில் என் கார் கொட்டகையை விட்டு வெளியே வருவதில்லை.

முதல் கோடையிலேயே இன்லண்ட் கியர் மாற்றியைக் கழற்றிவிட்டு ஹர்ஸ்ட் பொருத்திக்கொண்டேன். கார் வேறு பிறவி எடுத்தது போல ஆனது. கழற்றியதை எண்ணெய்த் துணியில் சுற்றி, பெட்டியில் போட்டு, அடித்தளத்தில் வைத்திருக்கிறேன். சென்ற ஆகஸ்டில் காரை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தார். ஒரு சுற்றுப் போய் வரலாம் என்று சாவியை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை, உள்ளே எட்டிப் பார்த்து ஹர்ஸ்ட் கைப்பிடியைக் கண்டதும், “பழைய இன்லண்ட் இருக்கிறதா?” என்றுதான் கேட்டார்.