கச்சான் காலத்து வெக்கையில் இரண்டு கிராபிக்ஸ் கார்ட்கள்: 3060, 4060

திருமண வீடியோக்களையும், புறாத்தீவைச் சுற்றிய கடலுக்கடியில் எடுக்கப்படும் காட்சிகளையும் தொகுத்துக் கொடுப்பது என் தொழில். திருகோணமலை உவர்மலையில் வீட்டின் முன்னறையில் இருக்கும் என் கணினிக்குப் புதிய கிராபிக்ஸ் கார்ட் ஒன்று தேவைப்பட்டபோது, அக்காவின் மகனும் கேம் விளையாடுவதற்கென்று ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தான். எங்கள் இருவரின் காசுக்கும் எட்டியவை என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060, ஆர்டிஎக்ஸ் 4060 ஆகிய இரண்டுமே. “மாமா, புதுசு இருக்கேக்க ஏன் பழசைப் பார்க்கிறியள்?” என்று அவன் கேட்டான். அதற்கு விடை காணவே இரண்டின் விபரக்குறிப்புகளையும் அருகருகே வைத்துக் கணக்குப் பார்த்தேன்.

3060 வெளிவந்தது 2021 பெப்ரவரியில். சாம்சங்கின் 8 நானோமீட்டர் முறையில் செய்யப்பட்ட ஆம்பியர் தலைமுறைச் சிப். கணக்குச் செய்யும் சிறு அலகுகளான கூடா கோர்கள் 3584. பூஸ்ட் எனப்படும் உச்ச வேகம் 1777 மெகாஹேர்ட்ஸ். 2023 ஜூனில் வந்த 4060 தாய்வானின் டிஎஸ்எம்சி தயாரித்த ஏடா லவ்லேஸ் தலைமுறைச் சிப்பைக் கொண்டது. கோர்கள் 3072 ஆகக் குறைந்துவிட்டன, ஆனால் வேகம் 2460 மெகாஹேர்ட்ஸாக ஏறிவிட்டது. ஒரு கோர் ஒரு சுற்றில் ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலுமாக இரண்டு கணக்குச் செய்யும் என்பதால், கோர் எண்ணிக்கையை வேகத்தாலும் இரண்டாலும் பெருக்கினால் 3060க்கு 12.7 டெராஃப்ளாப்ஸும் 4060க்கு 15.1 டெராஃப்ளாப்ஸும் கிடைக்கின்றன (செக்கனுக்கு இலட்சம் கோடிக் கணக்கு என்பது ஒரு டெராஃப்ளாப்ஸ்). அதாவது, கோர் குறைந்தும் ஏறத்தாழ 19 சதவீதம் கூடுதல்.

இந்த டெராஃப்ளாப்ஸ் என்ற எண்ணை நான் எளிதில் நம்புவதில்லை. அது எல்லாக் கோர்களும் ஒரு கணமும் சும்மா இராமல் தசமக் கணக்கு மட்டுமே செய்தால் எட்டக்கூடிய உச்சம். 3060க்கு முந்தைய டியூரிங் தலைமுறையின் ஆர்டிஎக்ஸ் 2070 காகிதத்தில் 7.5 டெராஃப்ளாப்ஸ்தான், ஆயினும் பெரும்பாலான கேம்களில் 12.7 உள்ள 3060 அதற்கு ஏறக்குறையச் சமமாகவே ஓடுகிறது. டியூரிங் தலைமுறையில் முழு எண் கணக்குக்கென்று தனி வரிசை இருந்தது. ஆம்பியரில் அந்த வரிசைக்கே தசமக் கணக்கும் கற்றுக்கொடுத்து, அதையும் கோர் எண்ணிக்கையில் சேர்த்துவிட்டார்கள். கேம்களில் இரண்டு வகைக் கணக்கும் கலந்தே வருவதால், சேர்த்து எண்ணப்பட்ட பாதி எப்போதும் கைக்கு வருவதில்லை. நல்லவேளையாக 3060உம் 4060உம் இந்த அமைப்பில் ஒன்றே. ஆகவே இவை இரண்டுக்கும் இடையில் மட்டும் அந்த 19 சதவீதம் ஓரளவு நேர்மையான எண். இடையிடையே செயற்கை ஃபிரேம்களைச் செருகும் ஃபிரேம் ஜெனரேஷனைச் சேர்க்காமல் 3060ஐவிட 20 சதவீதம் கூடுதல் வேகம் என்று என்விடியாவே 4060 வெளியீட்டின்போது சொன்னதும் இதற்குப் பொருந்துகிறது.

நினைவகத்துக்கு வந்தால் கதை தலைகீழாகிறது. 3060இல் 12 ஜிபி, தரவு போய்வர 192 பிட் பாதை, செக்கனுக்கு 360 ஜிகாபைட். 4060இல் 8 ஜிபி, 128 பிட் பாதை, 272 ஜிகாபைட். புதியதில் பாதை மூன்றிலொரு பங்கு ஒடுங்கி, செக்கனுக்குப் போகும் தரவும் ஏறத்தாழக் கால்பங்கு குறைந்துபோயிருக்கிறது. இதை ஈடுகட்டவே சிப்புக்குள்ளேயே இருக்கும் எல்2 கேஷ் என்ற சிறு நினைவகத்தை 3 மெகாபைட்டிலிருந்து 24 மெகாபைட்டாகப் பெருக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கடைக்கு ஓடாமல் அடுப்படித் தட்டிலேயே சாமான் இருப்பதைப் போன்ற ஏற்பாடு அது. 1080பியில் விளையாடும் மருமகனுக்கு அந்தத் தட்டு போதும். படத்தின் அளவு 4கேக்குப் போகும்போது தட்டில் கிடைக்காதவை கூடிக்கொண்டே போக, ஒடுங்கிய பாதை தன் குணத்தைக் காட்டத் தொடங்குகிறது.

கேஷ் எவ்வளவு இருந்தாலும் 8 ஜிபி 12 ஆகாது. கலங்கிய நீரில் எடுத்த 4கே காட்சி ஒன்றுக்கு டாவின்சி ரிசால்வ் என்ற தொகுப்பு மென்பொருளில் நிறம் திருத்தி, முன்பின் ஃபிரேம்களை ஒப்பிட்டுப் புள்ளிகளை நீக்கும் வசதியையும் அதன்மேல் போட்டேன். மருமகனின் 4060ஐ இரவல் வாங்கிப் பூட்டியிருந்த அன்று, கிராபிக்ஸ் நினைவகம் நிறைந்துவிட்டது என்ற அறிவிப்பு திரையில் வந்து வேலை நின்றது. அதே கோப்பு 3060இல் மெதுவாக, ஆனால் முடிவுவரை ஓடியது. 15 டெராஃப்ளாப்ஸ் அந்த இடத்தில் ஒன்றுக்கும் உதவவில்லை.

இன்னொன்று, விளம்பரங்களில் கண்ணில் படாதது. கார்டை மதர்போர்டுடன் இணைக்கும் பிசிஐஇ 4.0 இணைப்பின் 8 தடங்களை மட்டுமே 4060 பயன்படுத்துகிறது. 3060 16 தடங்களையும் பயன்படுத்துகிறது. சில தயாரிப்புகளில் கார்டின் விளிம்பைப் பார்த்தாலே தெரியும்: பொன்னிறக் கீற்றுகள் பாதியோடு நின்றுவிட, மீதி வெறும் பலகையாக இருக்கும். புதிய மதர்போர்டில் இதனால் பெரிய நட்டமில்லை. என்னுடையதோ பழைய பி450 வகை; அது பிசிஐஇ 3.0 மட்டுமே தரும் என்பதால் 4060இன் பாதை பாதியாகி, செக்கனுக்கு 8 ஜிகாபைட்டுக்குச் சற்றுக் கீழே வந்துவிடுகிறது. நினைவகம் நிரம்பி, தரவு கணினியின் ரேமுக்கும் கார்டுக்கும் இடையே போய்வரத் தொடங்கும்போதுதான் இதன் வலி தெரியும்.

இத்தனைக்குப் பிறகும் 4060இன் பக்கம் மனம் சாயக் காரணமாக இருப்பது மின்சாரம். 3060க்கு 170 வாட், 4060க்கு 115. நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் முழுச் சுமையில் ஓடினால் அந்த 55 வாட் வித்தியாசம் மாதத்துக்குப் பத்து யூனிட்டை நெருங்கும். மின்கட்டணப் பட்டியல் ஒருபுறமிருக்க, கச்சான் என்னும் வெப்பமான தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மின்விசிறியே சூட்டைத்தான் அள்ளி வீசும் ஓர் அறைக்குள், இன்னொரு 55 வாட் சூட்டையும் சேர்ப்பது சிறிய விடயமல்ல. கரண்ட் போனால் யுபிஎஸ் தாங்கும் நேரமும் அதற்கேற்பக் குறையும். இங்குள்ள உப்புக்காற்றுக்கோ எந்தத் தலைமுறை என்ற பேதமில்லை. என் பழைய கார்டைக் கழற்றியபோது தகட்டைப் பிடித்திருந்த திருகாணிகள் செம்பழுப்பாகித் தூள் உதிர்ந்தன.

ஏவி1 என்ற புதிய சுருக்க வடிவில் வீடியோவைப் பதிவாக்கும் வன்பொருள் 4060இல் உண்டு. 3060ஆல் அவ்வடிவை வாசிக்க மட்டுமே முடியும். என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் 3 என்ற நுட்பத்திலுள்ள ஃபிரேம் ஜெனரேஷனும் 4060க்கே உரியது. இடைச்செருகல் ஃபிரேம்களை நான் வேகம் என்று எண்ணுவதில்லை, ஆனால் மருமகன் எண்ணுகிறான்.

அவன் தன் புதிய மதர்போர்டுக்கு 4060ஐ எடுத்தான். அவனுடைய பாவனைக்கு அதுவே சரி. நான் 3060ஐ எடுத்தேன். ஆனால் 3060 என்ற பெயரிலேயே 2022 இறுதியில் 8 ஜிபி வகை ஒன்றும் வெளியானது. அதன் பாதை 128 பிட், செக்கனுக்கு 240 ஜிகாபைட் மட்டுமே. அதை வாங்குவதானால் மேலே நினைவகத்தை வைத்து நான் 3060க்காக வாதாடிய எதுவும் பொருந்தாது. நான் முதலில் விசாரித்த கடையில் விலை மலிவாகச் சொன்னது அந்த வகைக்குத்தான். கேட்டபோது “ரெண்டும் ஒண்டுதான் அண்ணை” என்றார்கள். வேறு கடையில் பெட்டியின் மூலையில் 12 ஜிபி என்று அச்சிட்டிருந்ததைப் பார்த்த பிறகே காசை எடுத்தேன்.