நள்ளிரவில் மட்டும் காலை வாரும் டேட்டைம்ஃபார்மேட்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

நள்ளிரவு தாண்டி 5 நிமிடத்தில் பதிவான வரி, அறிக்கையில் 24:05 என்று ஏன் வருகிறது என்று ஒரு நண்பர் கேட்டார். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் தேதி, நேரத்தை எழுத்தாக மாற்றித் தரும் கருவியான இன்டில் டேட்டைம்ஃபார்மேட்டை நம்பி நேரம் காட்டுகிறவர்கள் பலருக்கும் வரும் கேள்வி இது. பகலில் எத்தனை முறை சோதித்தாலும் சிக்காது. நாளின் முதல் ஒரு மணி நேரத்தில் மட்டும் தலைகாட்டும்.

ஏஎம், பிஎம் வேண்டாம் என்பதற்காக ஹவர்12: ஃபால்ஸ் என்ற அமைப்பைக் கொடுக்கிறோம். ஆனால் 24 மணிக் கடிகாரத்தில் இரண்டு வகை உண்டு. எச்23 என்பது 0 முதல் 23 வரை எண்ணும், எச்24 என்பது 1 முதல் 24 வரை எண்ணும். எது வேண்டும் என்று நாம் சொல்லவே இல்லை. பழைய விதிப்படி, லோகேலின் (மொழி, நாடு அமைப்பின்) வழக்கமான கடிகாரத்தைப் பார்த்துக் கருவியே முடிவெடுக்கும்: 1–12 எண்ணும் அமெரிக்க ஆங்கிலத்துக்கு எச்24, 0–23 எண்ணும் பிரிட்டன் ஆங்கிலத்துக்கு எச்23. ஒரே கோட், லோகேல் மாறினால் 00:05 என்றும் 24:05 என்றும் எழுதும்.

பார்க்க அசிங்கம் என்பதோடு போனால் பொறுத்துக்கொள்ளலாம். ஜனவரி 2 பிறந்து 5 நிமிடம் ஆகும்போது, ஜனவரி 2, 24:05 என்று எழுதுகிறது. படிப்பவர் அதை ஜனவரி 2-இன் இறுதி என்றுதான் எடுத்துக்கொள்வார். எழுத்து வரிசையில் அடுக்கினால் நாளின் முதல் வரிகள் கடைசிக்குப் போய்விடும். அந்த நேரத்தைத் திரும்ப ஜாவாஸ்கிரிப்டின் தேதி மதிப்பாகப் படிக்க முயன்றால் இன்னும் மோசம்: ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர வடிவத்தில் 24:05 செல்லாத தேதி, சரியாக 24:00:00 என்றால் செல்லும், ஆனால் ஜனவரி 3-இன் தொடக்கமாகிவிடும். பிழைச் செய்தி எதுவும் இல்லாமல் ஒரு நாள் தவறுகிறதே, இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

தீர்வு ஒரே வரி: ஹவர்சைக்கிள்: 'எச்23'. அதோடு ஹவர்12-ஐ அடியோடு நீக்குங்கள். இரண்டும் இருந்தால் ஹவர்12 சொல்வதே நடக்கும், ஹவர்சைக்கிளை யாரும் பார்ப்பதில்லை. பலர் இங்கேதான் வழுக்குகிறார்கள். சோதனையில் 00:00, 00:05, 12:00, 23:59 நான்கையும் வையுங்கள். ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் இன்ஜினும் அதன் பதிப்பும் மாறினால் நடத்தையும் மாறலாம் என்பதால், தன் கணினியில் சரியாக வந்ததை வைத்து யாரும் நிம்மதி அடைய வேண்டாம்.

மற்றபடி இது அருமையான கருவி. டைம்சோன் பெயரைக் கொடுத்தால் கோடைக்கால நேர மாற்றம் உட்பட எல்லாவற்றையும் தானே கணக்கிடும், தனி நூலகம் தேவையில்லை. இதன் ஃபார்மேட்டுபார்ட்ஸ் என்ற செயல்பாடு மணி, நிமிடம், நாள் என்று துண்டுதுண்டாகக் கொடுப்பதால் சரத்தை வெட்டி ஒட்ட வேண்டாம். ஒருமுறை உருவாக்கிய ஃபார்மேட்டரையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் வேகமும் நன்றாக இருக்கும். அது தரும் சரத்தை மட்டும் சோதனையில் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடாதீர்கள்: மொழிவாரியான தேதி, நேர வடிவங்களைத் தரும் ஐசியூ நூலகத்தின் 2022-இல் வந்த 72-ஆம் பதிப்பு, அமெரிக்க ஆங்கிலத்தில் ஏஎம், பிஎம்முக்கு முன்னால் இருந்த சாதாரண இடைவெளியைக் குறுகிய இடைவெளியாக மாற்றியது. கண்ணுக்குத் தெரியாத அந்த மாற்றத்தில் ஏராளமான சோதனைகள் உடைந்தன.

இவ்வளவு பாராட்டிய பிறகும் 5-க்கு 2 தான் கொடுப்பேன். மனிதர் கண்ணுக்குக் காட்டும் இடத்தில் மட்டும் இதை வையுங்கள். சேமிக்க, அனுப்ப, வரிசைப்படுத்த, ஐஎஸ்ஓ வடிவில் எழுதித் தரும் டூஐஎஸ்ஓஸ்ட்ரிங் போதும். நண்பருக்கு ஒன்று: பழைய கோப்புகளைச் சரிசெய்யும்போது மணியின் இடத்தில் உள்ள 24-ஐ 00 ஆக்கினால் போதும். தேதியைத் தொடாதீர்கள், அது தொடக்கத்திலிருந்தே சரியாகத்தான் இருக்கிறது.